சத்தியம் செய்யுமுன்: டர்பனில் அஃபிடவிட்டைச் சரிபார்க்கும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ குடும்ப வீட்டுத் தகராறு உயர் நீதிமன்றத்துக்கு மனுவாகப் போனால், சத்தியம் செய்து தரும் எழுத்து வாக்குமூலமான அஃபிடவிட்தான் உங்கள் சாட்சியம். வக்கீல் எழுதினாலும் சத்தியம் செய்பவர் நீங்கள். கையெழுத்துக்கு முந்தின நாளே வரி வரியாகப் பார்த்துவிடுங்கள்.

பென்சிலால் ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் குறியுங்கள்: நானே பார்த்தேனா, ஆவணம் இருக்கிறதா, யாராவது சொன்னதா? மூன்றும் இல்லாத பத்தியை அடித்துவிடுங்கள். ‘தம்பி பல மாதமாக வாடகையை எடுத்துக்கொண்டார்’ என்பதை ஒரே வரியில் மறுத்துவிடுவார்கள். ‘2024 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை மாதம் 6,500 ராண்ட், மொத்தம் 39,000, குடித்தனக்காரர் தந்த வங்கிச் சீட்டுகள் இணைப்பு 3’ என்றால் மறுப்பது கடினம். இது முக்கியம்: இறுதித் தீர்வு கேட்கும் மனுவில் இரு தரப்பும் முரண்பட்டால், 1984 பிளாஸ்கான்-எவன்ஸ் தீர்ப்பின்படி பொதுவாக எதிர்மனுதாரர் சொல்வதை வைத்தே முடிவாகும். அத்தை சொன்ன விஷயமென்றால், அத்தையிடமே தனி அஃபிடவிட் வாங்கி இணையுங்கள்.

வீட்டிலேயே கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகாதீர்கள். பலர் தவறுவது இங்கேதான். சத்தியம் வாங்கும் ஆணையரின் கண்முன் போட வேண்டும். காவல் நிலையத்திலேயே செய்யலாம். உங்கள் வழக்கை நடத்தும் வக்கீல் அந்த வேலையைச் செய்யக் கூடாது. உள்ளடக்கம் புரிந்ததா, சத்தியத்துக்கு ஆட்சேபம் உண்டா, அது மனச்சாட்சியைக் கட்டுப்படுத்துமா என்று ஆணையர் கேட்பார். ஆங்கிலம் புரியாத பாட்டிக்கு யாராவது தமிழில் முழுவதும் வாசித்துக் காட்டி, அப்படிச் செய்ததாகத் தாமும் எழுதித் தரட்டும். ஆணையரின் பெயர், பதவி, முகவரி தெளிவாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

மேற்கோள் காட்டும் தீர்ப்புகளை, நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்து வைக்கும் சாஃப்லி (SAFLII) இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். திறந்து, அந்தப் பத்தியை நீங்களே படியுங்கள். ஏஐ தந்த பட்டியலை அப்படியே ஒட்டாதீர்கள். 2025 ஜனவரியில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றத்தில், ஒரு தரப்பு காட்டிய ஒன்பது தீர்ப்புகளில் இரண்டைத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. கூடுதல் விசாரணைச் செலவு அந்த வக்கீல் நிறுவனத்தின் தலையில் விழுந்தது. விவகாரம் வக்கீல்களைக் கண்காணிக்கும் சட்டத்தொழில் மன்றத்துக்கும் போனது.

உங்கள் தலையில் விழுவது வேறு. தெரிந்தே பொய் சொன்னால் பொய்ச்சத்தியத்துக்கான தண்டனை. பொறுப்பில்லாத குற்றச்சாட்டுக்கு, எதிர்த்தரப்பின் வக்கீல் செலவை உயர்ந்த விகிதத்தில் கட்டச் சொல்லலாம். வீட்டு வாடகையை விட அது பெரிதாகிவிடும். ஆதாரமின்றித் திரும்பத் திரும்ப வழக்குப் போட்டால், 1956ஆம் ஆண்டின் 3ஆம் சட்டப்படி நீதிமன்ற அனுமதியின்றி இனி வழக்கே போட முடியாதபடி தடுக்கலாம்.

தாக்கல் செய்தபின் பிழை தெரிந்தால், எதிர்த்தரப்பு எடுத்துக்காட்டும்வரை காத்திருக்காதீர்கள். எந்தப் பத்தி, எந்த எண் தவறு, சரியானது எது, எப்படித் தவறியது என்று எழுதி, நீதிமன்ற அனுமதி கேட்டுத் துணை அஃபிடவிட் உடனே தாக்கல் செய்யுங்கள்.