பழைய 9 வோல்ட் லெகோ ரயில் செட்டைச் சோதித்து எடைபோடுவது எப்படி?

பழைய ரயில் செட்டுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் அட்டைப்பெட்டியின் ஓரம் மடங்கியிருக்கிறதா, கையேட்டில் பக்கம் கிழிந்திருக்கிறதா என்பதிலேயே நின்றுவிடுகிறார்கள். அலமாரியில் வைத்து அழகு பார்ப்பவர்களுக்கு அது போதும். என்னைக் கேட்டால் ரயில் என்றால் ஓட வேண்டும். ஓடுகிறதா, எப்படி ஓடுகிறது, ஓடாவிட்டால் கோளாறு எங்கே என்பதுதான் முதல் கேள்வி, மற்றதெல்லாம் அப்புறம். என்னிடம் இருப்பது 1991இல் வந்த, 4558 என்ற எண் கொண்ட மெட்ரோலைனர் ரயில் செட். ஆனால் கீழே சொல்லியிருப்பது அந்தக் காலத்து 9 வோல்ட் செட்டுகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும். கட்டைகளை எப்படிச் சேர்ப்பது என்று நான் சொல்லப்போவதில்லை, அது உங்கள் பிள்ளைக்கே தெரியும்.

எந்தக் காலத்து ரயில் என்று பாருங்கள்

விற்பவர் என்ன சொன்னாலும் சரி, தண்டவாளத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். லெகோ ரயில்கள் 1966இல் வந்தன, அப்போது தண்டவாளம் நீல நிறம், 4.5 வோல்ட் பேட்டரியில் ஓடும். 1980இல் சாம்பல் நிறத் தண்டவாளத்தோடு புதிய 12 வோல்ட் வரிசை வந்தது. அதில் மின்சாரம் நடுவில் தனியாக ஓடும் உலோகப் பட்டைகள் வழியாகப் போகும். 1991இல் வந்த 9 வோல்ட்டில் நடுவில் ஒன்றும் கிடையாது, சக்கரம் உருளும் இரண்டு தண்டவாளங்களின் மேலேயே உலோகத் தகடு போர்த்தியிருக்கும். 9 வோல்ட் தண்டவாளத்தின் அதே வடிவில், ஆனால் முழுக்க பிளாஸ்டிக்காக இருந்தால் அது 2006இல் ரிமோட் ரயில் வந்த பிறகு வந்தது. ரயிலின் உடம்பு எந்த ஆண்டாக இருந்தாலும் அந்தத் தண்டவாளத்தில் 9 வோல்ட் மோட்டார் நகராது. விளம்பரப் படத்தில் தண்டவாளம் தெளிவாகத் தெரியவில்லை என்றால் கிட்டத்தில் எடுத்த இன்னொரு படம் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, 2001இல் மெட்ரோலைனரை 10001 என்ற எண்ணில் மறுபடியும் வெளியிட்டார்கள். அதை 4558 என்று சொல்லி விற்பதும் உண்டு. ஓட்டிப் பார்ப்பதற்கு எதுவானாலும் பரவாயில்லை, விலையில்தான் வித்தியாசம்.

எம்ஆர்டி நிலையத்திலேயே செய்யக்கூடிய சோதனை

பழைய பொருள்கள் விற்ற சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்ட பிறகு இங்கே சிங்கப்பூரில் பழைய பொருள் வியாபாரம் பெரும்பாலும் கைப்பேசிக்குள் போய்விட்டது. பேசி முடித்து, ஏதாவதொரு எம்ஆர்டி (பெருவிரைவு ரயில்) நிலையத்தில் நின்றபடி பையை மாற்றிக்கொள்வதுதான் வழக்கம். அங்கே பிளக் பாயின்ட்டுக்கு எங்கே போவது? புகை எச்சரிக்கைக் கருவிக்குப் போடுகிற சதுரமான 9 வோல்ட் பேட்டரி ஒன்று, இரண்டு துண்டு வயர், இவ்வளவு போதும். ஒரே ஒரு நேர்த்தண்டவாளத் துண்டை எடுத்து அதன்மேல் மோட்டாரை வைத்து, இடது தகட்டில் ஒரு வயர், வலது தகட்டில் இன்னொரு வயர். மோட்டார் துள்ள வேண்டும். பேட்டரியைத் திருப்பிப் பிடித்தால் எதிர்த்திசையில் துள்ள வேண்டும். ஒரு திசையில் நன்றாகவும் மறுதிசையில் முனகிக்கொண்டும் போனால், அல்லது கரகரவென்று பல் சிக்குவது போலச் சத்தம் வந்தால், விலையைப் பேசும்போது அதையும் சேர்த்துப் பேசுங்கள். பழைய செட்டில் பெரும் பணம் மோட்டாருக்குத்தான் போகிறது. மற்ற கட்டைகளை பிரிக்லிங்க் என்ற இணையச் சந்தையில் தேடி ஒவ்வொன்றாக வாங்கிவிடலாம்.

"எல்லாம் வேலை செய்யும், பத்து வருஷமா ஓட்டல, அவ்வளவுதான்" என்று சொல்லும் அங்கிள்களை நம்பலாம், அவர்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் பத்து வருஷமாக ஓட்டவில்லை என்பதுதான் பிரச்சினையே.

பிளக்கில் சொருகும் முன்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். அமெரிக்காவிலிருந்து வந்த செட் என்றால் அடாப்டரின் முதுகில் உள்ளீடு 120 வோல்ட் என்று இருக்கும். நம் வீட்டில் வருவது 230 வோல்ட். டிராவல் அடாப்டர் மாட்டினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது முள்ளின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும், வோல்டேஜை ஒன்றும் செய்யாது, அப்படிச் சொருகினால் கருகிய வாடைதான் மிச்சம். ஒன்று, 230 வோல்ட்டை 110க்கு இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள், சிம் லிம் டவரில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். இல்லாவிட்டால், மூன்று முள் பிளக்கோடு வந்த பிரிட்டிஷ் அடாப்டரைத் தேடி வாங்குங்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், மேசைக்கடியில் செங்கல் கனத்தில் இன்னொரு பெட்டி எதற்கு.

வயரையும் பாருங்கள். தொண்ணூறுகளின் வயர்களில் மேலுறை காய்ந்து, வளைத்தால் பிஸ்கட் போல உதிரும். உள்ளே செம்பு தெரிந்தால் அந்த வயரைப் பயன்படுத்த வேண்டாம்.

தண்டவாளத்தைத் துடைப்பது

நம் ஊர் ஈரப்பதத்தில் அந்தத் தகடுகள் மங்கிப்போகும், சில இடங்களில் பழுப்பாகக்கூட இருக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொபைல் ஆல்கஹால், பஞ்சுக்குச்சி, அப்புறம் பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை அழிரப்பர். முதலில் ரப்பரால் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு, ஆல்கஹாலால் துடையுங்கள். பஞ்சு கறுப்பாக வந்துகொண்டே இருக்கும், வெள்ளையாக வரும்வரை விடாதீர்கள். உப்புத்தாள், பாத்திரம் தேய்க்கும் கம்பி இரண்டும் வேண்டவே வேண்டாம், கீறல் விழுந்தால் அழுக்கு அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். டபிள்யூடி-40 அடிக்கச் சொல்லும் நண்பர் ஒருவர் எல்லோருக்கும் இருப்பார். துருப்பிடித்த கேட்டுக்கு அது நல்லது, தண்டவாளத்தில் எண்ணெய்ப் படலம் தங்கித் தூசியைச் சேர்க்கும். மோட்டாரின் உலோகச் சக்கரங்களையும் இதே போலத் துடையுங்கள், அங்கே மறந்துவிட்டால் தண்டவாளத்துக்குச் செய்ததெல்லாம் வீண்.

வட்டமாகப் போடாதீர்கள் (இன்னும்)

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். எல்லாம் துடைத்தாயிற்று, வட்டமாகப் போட்டு ரயிலை விட்டால் ஒரு பக்கம் பறக்கிறது, எதிர்ப்பக்கம் போனதும் தள்ளாடுகிறது, ஒரு வளைவில் நின்றேவிடுகிறது. உடனே எல்லோரும் மோட்டாரைத்தான் சந்தேகப்படுவார்கள், நானும் அதைத்தான் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோளாறு இருந்ததோ இணைப்புகளில்.

விஷயம் இதுதான். வட்டத்தில் மின்சாரம் ரெகுலேட்டர் (குமிழைத் திருப்பி வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி) மாட்டிய இடத்திலிருந்து இரண்டு பக்கமும் சுற்றிப் போகிறது. ஒரு இணைப்பு செத்திருந்தாலும் மறுபக்கத்திலிருந்து மின்சாரம் வந்துவிடும், ரயில் கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான், குறை வெளியே தெரியாது. ஒரே தண்டவாளத்தில் இரண்டாவது இணைப்பும் செத்தால்தான் நடுவில் உள்ள பகுதி மொத்தமாக இறந்துபோகும். அப்போது எந்த இணைப்பு என்று வட்டத்துக்குள் தேடினால் பைத்தியம் பிடித்துவிடும்.

அதனால் வட்டத்தை ஓரிடத்தில் கழற்றி, கோடாக்கிவிடுங்கள். வளைவுத் துண்டுகளை இடம் வலமாக மாற்றி மாற்றிப் போட்டால் பாம்பு மாதிரி நெளிந்து வரவேற்பறையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போகும். ரெகுலேட்டரை முதல் துண்டில் மாட்டுங்கள், மோட்டாரைக் கடைசித் துண்டில் வைத்துக் கையால் லேசாகப் பிடித்துக்கொள்ளுங்கள், குமிழைப் பாதிவரை திருப்புங்கள். இப்போது மல்ட்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, இரண்டு தண்டவாளத்துக்கும் இடையில் ஒவ்வொரு துண்டாக அளந்துகொண்டே போங்கள். மெல்ல மெல்லக் குறைந்தால் சரி. எங்கே சட்டென்று விழுகிறதோ அந்த இணைப்புதான் குற்றவாளி.

இணைப்பு தொடுகிறதா என்று மல்ட்டிமீட்டர் பீப் சத்தம் போட்டுச் சொல்லும் சோதனை போதாதா என்றால், போதாது. அரைகுறையாகத் தொடும் இணைப்புகூட பீப் என்று கத்திவிடும். மோட்டார் இழுக்கும்போதுதான் அதன் வண்டவாளம் வெளியே வரும். அதனால்தான் கையால் பிடிக்கச் சொன்னேன், ஆனால் முழுக்க நிறுத்திப் பிடிக்காதீர்கள், மோட்டார் சூடாகிவிடும்.

கெட்ட இணைப்பைக் கண்டுபிடித்ததும் கழற்றி, முனையில் ஒரு தகடு மற்றதைத் தொடுகிற இடத்தை ஆல்கஹாலால் துடையுங்கள். தகடு உள்ளே அமுங்கியிருந்தால் பல்குச்சியால் லேசாக நெம்புங்கள், இடுக்கி வேண்டாம். அதற்கும் சரியாகவில்லை என்றால் அந்தத் துண்டைத் தனியே எடுத்துவைத்து வேறு போடுங்கள்.

மல்ட்டிமீட்டருக்கு அதிகம் செலவழிக்க வேண்டியதில்லை, இருபது முப்பது வெள்ளிக்குக் கிடைப்பதே இந்த வேலைக்கு ஏராளம்.

எல்லாம் சரியான பிறகு வட்டம். பதினாறு வளைவுகள் சேர்ந்தால் ஒரு முழு வட்டம், வெளிவிட்டம் ஏறக்குறைய 70 சென்டிமீட்டர். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அடங்கும், ஆனால் யாராவது சாப்பிட வேண்டுமென்றால் சண்டை வரும்.

நிறத்தைப் பார்த்து வயதைக் கண்டுபிடிப்பது

ஓட்டம் முடிந்தது, இனி உடம்பு. 2004 வாக்கில் லெகோ தன் சாம்பல் நிறங்களை மாற்றியது. பழைய சாம்பலில் ஒரு மஞ்சள் சாயல், புதிய சாம்பலில் நீலச் சாயல். 1991 செட்டில் நீலச் சாயல் சாம்பல் கட்டை இருந்தால் யாரோ பின்னால் போட்டது. தண்டவாளத்தின் கட்டைகளிலும் இதே வித்தியாசம் உண்டு. டியூப் லைட்டில் தெரியாது, ஜன்னல் ஓரத்தில் பகல் வெளிச்சத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விமர்சனம் எழுதுவதானால் இதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள், மாற்றுக் கட்டை இருப்பது குற்றமல்ல, சொல்லாமல் விற்பதுதான் குற்றம்.

வெள்ளைக் கட்டைகள் மஞ்சளாகியிருந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடில் மூழ்கவைத்து வெயிலில் வைக்கலாம், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஸ்டிக்கர் ஒட்டியதையும் மின்சாரப் பாகங்களையும் அதற்குள் போடாதீர்கள். சும்மா அழுக்கு என்றால் சோப்புத் தண்ணீர் போதும், 40 டிகிரிக்கு மேல் சூடு வேண்டாம்.

ரயில் பெட்டிகள் ஒன்றோடொன்று சேராமல் தள்ளிக்கொண்டால் காந்தத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டுப் பாருங்கள்.

எடுத்துவைக்கும்போது சிலிக்கா ஜெல் பைகளைப் போடுங்கள். அலமாரியில் வைக்கும் தண்ணீர் உறிஞ்சும் டப்பா வேண்டாம். அதில் சேரும் உப்புத் தண்ணீர் கவிழ்ந்தால் தண்டவாளம் அத்தனையும் போச்சு.

பின்னர் சேர்த்தது: பாதை பிரியும் துண்டுகளை வைத்து, ரயில் ஒரு சுற்று சுற்றி வந்த வழியிலேயே திரும்புகிற மாதிரி போட்டேன், ரெகுலேட்டர் வேலையே செய்யவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். ரெகுலேட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. அப்படித் திரும்பும் சுற்றில் இடது தண்டவாளம் சுற்றிவந்து வலதைத் தொட்டுவிடும், ஷார்ட் சர்க்யூட். இரண்டு தண்டவாளத்திலும் மின்சாரம் ஓடும் எந்த ரயிலுக்கும் உள்ள தொல்லை இது. அந்தத் திரும்பும் சுற்றைக் கழற்றிவிட்டு, ரெகுலேட்டரைக் கொஞ்ச நேரம் ஆறவிட்டு மறுபடி போடுங்கள்.