பிரிட்ஜா, ஃபார்வர்டிங்கா? முதலில் அதை முடிவு செய்யுங்கள்

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலை டியூஷன் நடக்கும் கோயில் மண்டபத்தில், இரண்டு நெட்வொர்க் கார்டு செருகிய பழைய கணினியொன்று லினக்ஸில் ஓடுகிறது. ஒரு பக்கம் இணையம், மறுபக்கம் பிள்ளைகளின் சுவிட்ச். இப்படி அமைக்க வரும் தம்பிமார் இடறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: பிரிட்ஜையும் ஃபார்வர்டிங்கையும் ஒன்றென நினைத்துவிடுகிறார்கள்.

பிரிட்ஜ் (இரு கார்டையும் ஒரே நெட்வொர்க்காக இணைப்பது), ஒரே லயத்தில் பக்கத்து வீட்டுக்குக் குழம்பு கொடுத்தனுப்புவது போல. மேக் முகவரி (ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் உள்ள அடையாள எண்) போதும். ஃபார்வர்டிங், அடுத்த தோட்டத்துக்குப் போவது; ஐபி முகவரி பார்த்து வழி தேட வேண்டும். பிரிட்ஜ் மட்டும் போதுமென்றால் ஐபி ஃபார்வர்டிங்கை 1 ஆக்க (அதாவது இயக்க) வேண்டியதில்லை. இரு பக்கமும் வேறு சப்நெட் (தனி ஐபி முகவரித் தொகுதி) என்றால் வெறும் பிரிட்ஜ் உதவாது.

பிரிட்ஜ் அமைத்தால் ஐபி முகவரியைக் கார்டில் விட்டுவைக்காதீர்கள். அது பிரிட்ஜின் மேல் இருக்க வேண்டும். எஸ்எஸ்எச் (வேறு கணினியிலிருந்து கட்டளையிடும் வழி) மூலம் தொலைவிலிருந்து இந்த மாற்றத்தைச் செய்தால் பாதி வேலையில் தொடர்பு அறுந்துவிடும். கணினி முன்னால் உட்கார்ந்தே செய்யுங்கள்.

எனக்கு அதிகம் கவலை தருவது சுழல், அதாவது கேபிள்கள் வட்டமாக இணைந்துவிடுவது. மேசை நகர்த்திய யாரோ பிரிட்ஜின் இரு கேபிளையும் ஒரே சுவிட்சில் செருகிவிட, ஒருநாள் வகுப்பு முழுக்க இணையம் படுத்துவிட்டது. ஈதர்நெட் ஃப்ரேமுக்கு (கேபிளில் போகும் தரவுத் துண்டு) ஆயுள் எண் கிடையாது. ஒரு பிராட்காஸ்ட் (எல்லாருக்கும் அனுப்பும் செய்தி) நிற்காமல் சுற்றிப் பெருகும். சுழலைக் கண்டு தடுக்கும் எஸ்டிபி, லினக்ஸ் பிரிட்ஜில் இயல்பாக அணைந்தே இருக்கும், நாம்தான் இயக்க வேண்டும். இயக்கினால் போர்ட் திறக்க 15, 15 என 30 விநாடி ஆகும். அதற்குள் டிஎச்சிபி (ஐபி முகவரியைத் தானாக வழங்கும் சேவை) கேட்ட கணினி, முகவரி கிடைக்காமல் நிற்கலாம். அதைப் பழுதென்று எண்ணி எஸ்டிபியை அணைத்துவிடாதீர்கள்.

வைஃபையில் இணைந்த கார்டைப் பிரிட்ஜில் சேர்ப்பதும் வீண். வேறு மேக் முகவரியில் வரும் ஃப்ரேமை ஆக்சஸ் பாயிண்ட் ஏற்காது. அங்கே ஃபார்வர்டிங், நாட் (NAT, பல கணினிகளை ஒரே ஐபி முகவரியில் வெளியே அனுப்பும் முறை) இரண்டும்தான் வழி.

அதே கணினியில் டாக்கர் (செயலிகளைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் மென்பொருள்) ஓடினால், ஃபயர்வாலின் ஃபார்வர்ட் விதியை அது 'டிராப்' (விடாதே) ஆக்கியிருக்கலாம். பிரிட்ஜ் வழிப் பாக்கெட்டும் ஃபயர்வாலுக்குப் போகும்படி இருந்தால் அதுவும் அங்கேயே மடியும். தேடித்தேடி அலுத்தபின்தான் பலர் இதைப் பார்க்கிறார்கள்.

ஃபார்வர்டிங்கை 1 ஆக்கும் சிஸ்சிடிஎல் கட்டளையால் வைத்த மதிப்பு மின்சாரம் போய் வந்தால் மறைந்துவிடும். அமைப்புக் கோப்பில் எழுதுங்கள். லினக்ஸுக்குப் பதில் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் என்றால், ஃபார்வர்டிங்குக்கு ஆர்சி கோப்பில் கேட்வேயை 'யெஸ்' ஆக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் பதில் வரவில்லையா? இரு கார்டிலும் டிசிபிடம்ப் (போய்வரும் பாக்கெட்டைக் காட்டும் கருவி) ஓடவிடுங்கள். பாக்கெட் வெளியே போய்ப் பதில் மட்டும் வராவிட்டால், நாட் இல்லை, அல்லது அந்தப் பக்க ரௌட்டருக்கு உங்கள் சப்நெட்டுக்குத் திரும்பும் வழி தெரியவில்லை.