போஸ்ட்கிரெஸ் மேம்படுத்தலுக்குப் பின் வீணாகும் இடத்தை மீட்க

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தைப் பழைய பதிப்பிலிருந்து 13-க்கோ அதற்கு மேலோ 'பிஜி அப்கிரேட்' (pg_upgrade) என்ற கருவி வழியாக மாற்றியவர்கள், வேலை முடிந்ததும் பெரிய இன்டெக்ஸ்களை (வரிசைகளை விரைவாகத் தேட உதவும் சுட்டுப் பட்டியல்களை) 'ரீஇன்டெக்ஸ் கன்கரன்ட்லி' (REINDEX CONCURRENTLY) கட்டளையால் ஒருமுறை புதிதாகக் கட்டிவிட வேண்டும். வன்தட்டில் கணிசமான இடம் மிஞ்சும்.

பிஜி அப்கிரேட் தரவுக் கோப்புகளை உள்ளபடியே கொண்டுவருவதால், ஆண்டுக்கணக்கில் சேர்ந்த வெற்றிடமும் உடன் வந்துவிடுகிறது. மேலும், ஒரே மதிப்பு திரும்பத் திரும்ப வந்தால் அதை ஒருமுறை மட்டும் எழுதி, அதற்குரிய வரிசைகளின் முகவரிகளைப் பட்டியலாக வைக்கும் வசதி 13-ஆம் பதிப்பில் வழக்கமான வகையான பி-ட்ரீ இன்டெக்ஸ்களுக்கு வந்தது. பழைய இன்டெக்ஸ் மறுபடி கட்டப்பட்டால்தான் அந்தப் பயன் முழுமையாகக் கிட்டும். மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஊரில் செக்ரோலையும் (தொழிலாளர் வருகைப் பதிவேடு) செம்பனைக் குலைகளின் எடையையும் நாள்தோறும் பதியும் தோட்ட அலுவலகத்தில், ஒரே தொழிலாளர் எண் ஆயிரக்கணக்கான வரிசைகளில் வரும் என்பதால், அந்த எண்ணுக்குரிய இன்டெக்ஸ்தான் மிகுதியாகச் சுருங்கும். கிராணிமார் (தோட்ட எழுத்தர்கள்) பதிவைத் தொடர்ந்துகொண்டே இருக்கலாம். கட்டளை அவர்களைத் தடுக்காது.

பிஜி அப்கிரேட் இல்லாமல், டம்ப் (தரவின் முழு நகல் கோப்பு) எடுத்துப் புதிய பதிப்பில் மீட்டவர்களுக்கு இது தேவையில்லை. அவர்களுடைய இன்டெக்ஸ்கள் ஏற்கெனவே புதியவை. சம்பளத் தொகை போன்ற 'நியூமரிக்' (துல்லிய எண்) நெடுவரிசைகளுக்கும் 'ஜேசன்பி' (JSON தரவு) நெடுவரிசைகளுக்கும் அந்தப் புதிய வசதி பொருந்தாது. அட்டவணைக்குள்ளேயே உள்ள வெற்றிடம் இதனால் குறையாது. அதற்கு 'வேக்கும் ஃபுல்' (VACUUM FULL) கட்டளை வேண்டும், அது அட்டவணையைப் பூட்டிவிடும் என்பதால் சம்பள நாளில் ஓட்டவே கூடாது. புதிய இன்டெக்ஸ் பழையதன் அருகிலேயே உருவாவதால், வன்தட்டு ஏற்கெனவே நிரம்பியிருந்தால் சிறிய இன்டெக்ஸிலிருந்து தொடங்குங்கள்.