அம்மாயி பாடிய பாட்டு ஐடியூன்ஸில் ஏறவில்லையா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

நம் தேயிலைத் தோட்டங்களில் பெரியவர்கள் பாடும் தாலாட்டு, ஒப்பாரி, மாசி மாதக் காமன் கூத்துப் பாட்டு எல்லாம் இன்றைக்குப் போனில்தான் பதிவாகின்றன. ஹட்டனில் இருக்கும் பேரன் பதிவு செய்து, கொழும்பில் வேலை செய்யும் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவான். போன் உடைந்தால், அல்லது இடம் போதாமல் எதையாவது அழித்தால், அந்தக் குரலும் போய்விடும். அதனால் அவற்றைக் கம்ப்யூட்டரில் ஒரு பாட்டுத் தொகுப்பாகச் சேர்த்து வையுங்கள் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன். சேர்க்கப் போகிறவர்களில் பலர் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறார்கள். ஆப்பிளின் பாட்டுத் தொகுப்பு மென்பொருளான ஐடியூன்ஸுக்குள் ஃபைலை இழுத்துப் போட்டால் பாட்டும் வருவதில்லை, பிழைச் செய்தியும் வருவதில்லை. தனக்குத் தெரியாத வகை ஃபைல் என்றால் ஐடியூன்ஸ் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடும்.

கீழே உள்ளது விண்டோஸ் கம்ப்யூட்டருக்கான வழி. மேக்கில் 2019 முதல் ஐடியூன்ஸுக்குப் பதிலாக மியூசிக் என்ற செயலி இருக்கிறது. மெனு கொஞ்சம் மாறினாலும் பார்க்க வேண்டிய விஷயங்கள் இவைதான்.

1. ஃபைல் முழுதாக வந்திருக்கிறதா?

போனைக் கேபிளில் இணைத்து நேரடியாகக் காப்பி செய்வதுதான் நல்லது, டேட்டாவும் செலவாகாது. புதிய ஆண்ட்ராய்டு போன்களில் ஆண்ட்ராய்டு என்ற ஃபோல்டருக்குள் மீடியா, அதற்குள் வாட்ஸ்அப்பின் ஃபோல்டர், அதற்குள் 'வாய்ஸ் நோட்ஸ்' என்று போக வேண்டும். ஃபைலின் பெயர் 'பி.டி.டி.' (PTT) என்று தொடங்கி, அடுத்து எட்டு இலக்கத்தில் தேதி இருக்கும். 20240312 என்றால் 2024 மார்ச் 12. எந்தப் பாட்டு எந்த நாளில் வந்தது என்பதற்கு அந்தத் தேதிதான் சாட்சி. பெயரை மாற்றுவதற்கு முன் அதைக் குறித்து வையுங்கள்.

காப்பி ஆனதும் ஃபைலின் அளவைப் பாருங்கள். 0 கேபி என்றிருந்தால் உள்ளே ஒன்றும் இல்லை, மறுபடி காப்பி செய்ய வேண்டும். அளவு சரியாக இருந்தால் வி.எல்.சி. பிளேயரில் திறந்து கடைசி வரை கேளுங்கள். இந்த இலவச மென்பொருள் ஏறக்குறைய எல்லா வகை ஒலி ஃபைலையும் வாசித்துவிடும். அதிலேயே சத்தம் வரவில்லை என்றால் ஐடியூன்ஸில் தேடிப் பயனில்லை. கோளாறு ஃபைலில் இருக்கிறது.

2. எந்த வகை ஃபைல்?

பெரும்பாலான சிக்கலுக்குக் காரணம் இதுதான். விண்டோஸ் ஃபைல் பெயரின் வாலை மறைத்து வைத்திருக்கும். விண்டோஸ் 11 என்றால் ஃபோல்டரின் மேலே வியூ, அதில் ஷோ, அதில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள். இப்போது பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பிறகு உள்ள எழுத்துகள் தெரியும்.

எம்பி3, எம்4ஏ, வேவ், ஏஐஎஃப்எஃப் என்றால் ஐடியூன்ஸ் ஏற்றுக்கொள்ளும். ஓபஸ், ஓஜிஜி, ஃப்ளாக், ஏஎம்ஆர் என்றால் ஏற்காது. வாட்ஸ்அப் குரல் பதிவுகள் ஓபஸ் வகை. பழைய பட்டன் போன்களில் பதிவு செய்தவை பெரும்பாலும் ஏஎம்ஆர்.

சிலர் வாலை அழித்துவிட்டு 'எம்பி3' என்று தட்டச்சு செய்து பார்க்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பெயர்தான் மாறும், உள்ளே இருப்பது ஓபஸ்தான். ஒரு வருடம் கழித்து அது என்ன ஃபைல் என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.

3. எம்பி3 ஆக மாற்றுவது

வி.எல்.சி.யில் கன்ட்ரோல் விசையுடன் ஆர் அழுத்துங்கள். ஒரு பெட்டி திறக்கும். 'ஆட்' அழுத்தி ஃபைலைத் தேர்ந்தெடுத்து, கீழே 'கன்வர்ட்' அழுத்துங்கள். அடுத்த பெட்டியில் புரொஃபைல் என்ற இடத்தில் 'ஆடியோ - எம்பி3'. அதற்குக் கீழே 'பிரவுஸ்' அழுத்தி, வேறு ஒரு ஃபோல்டரில் புதுப் பெயர் கொடுங்கள். மூல ஃபைலின் அதே பெயரை அதே இடத்தில் கொடுத்தால் மூலம் அழிந்துபோகும் ஆபத்து இருக்கிறது. பிறகு 'ஸ்டார்ட்'.

பாட்டு ஓடும்போது நகரும் அந்தப் பட்டை, இப்போது மாற்றம் எவ்வளவு முடிந்தது என்று காட்டும். அது முடியும் வரை மூடாதீர்கள். மழைக்காலத்தில் நம் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பாதியில் நின்றால் பாதிப் பாட்டோடு ஒரு ஃபைல் இருக்கும், பார்வைக்கு முழுசு போலவே தெரியும். அதனால் மூலமும் புதியதும் ஒரே நீளமா என்று நிமிடம், நொடி பார்த்து உறுதி செய்யுங்கள்.

தரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 128 கேபிபிஎஸ் போதும், நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி வரும். 320க்கு ஏற்றினால் ஃபைல் பெருக்குமே தவிர, போன் பதிவு செய்யாத ஒலி புதிதாக வந்துவிடாது. மாற்றும்போது கொஞ்சம் தரம் குறையத்தான் செய்யும். ஆகவே மூல ஓபஸ் ஃபைலை ஒருபோதும் அழிக்காதீர்கள். இணையத்தில் மாற்றித் தரும் தளங்கள் நிறைய உண்டு, ஆனால் வீட்டுப் பெரியவரின் ஒப்பாரியை முன்பின் தெரியாத இடத்தில் ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை.

4. சேர்ப்பதற்கு முன் ஒரு டிக்

ஐடியூன்ஸில் மெனு தெரியாவிட்டால் கன்ட்ரோலுடன் பி (B) அழுத்துங்கள். எடிட், பிரிஃபரன்சஸ், அட்வான்ஸ்ட் என்று போய், 'காப்பி ஃபைல்ஸ் டு ஐடியூன்ஸ் மீடியா ஃபோல்டர்' என்று தொடங்கும் வரியை டிக் செய்யுங்கள். இது இல்லாவிட்டால் ஐடியூன்ஸ் பாட்டு இருக்கும் இடத்தை மட்டும்தான் குறித்துக்கொள்ளும். பென் டிரைவிலிருந்து சேர்த்துவிட்டு அதைக் கழற்றினால் பாட்டின் பெயர் பட்டியலில் இருக்கும், பாட்டு இருக்காது. பெயருக்குப் பக்கத்தில் ஆச்சரியக்குறி தெரிந்தால் அதுதான் பொருள். பென் டிரைவை மறுபடி செருகி, பாட்டை இரண்டு முறை சொடுக்கி, 'லொகேட்' மூலம் ஃபைலைக் காட்டிவிடுங்கள்.

டிக் செய்தபின் ஃபைல் மெனுவில் 'ஆட் ஃபைல் டு லைப்ரரி'. அவ்வளவுதான்.

5. சேர்ந்துவிட்டது, ஆனால் எங்கே?

போன் பதிவில் பாடியவர் பெயரோ ஆல்பமோ இருக்காது. அதனால் மற்றப் பாட்டுகளுக்கு நடுவே எங்கோ ஒளிந்திருக்கும். இடப்பக்கம் 'ரீசன்ட்லி ஆடட்' பாருங்கள், மேலே இருக்கும். வலச் சொடுக்கில் 'சாங் இன்ஃபோ' திறந்து விவரங்களை நிரப்புங்கள்.

இதில் அவசரப்படாதீர்கள். பாடியவர் என்ற இடத்தில் 'அம்மாயி' என்று மட்டும் போட்டால் உங்களுக்குப் புரியும், உங்கள் பிள்ளைக்கு அது யாருடைய அம்மாயி என்று தெரியாது. முழுப் பெயர் போடுங்கள். ஆல்பம் என்ற இடத்தில் தோட்டத்தின் பெயர், தோட்டப் பிரிவு மேல்கணக்கா கீழ்க்கணக்கா, எந்த வருடம். கமென்ட்ஸில் எந்தச் சந்தர்ப்பத்தில் பாடியது, கூட யார் தப்பு மேளம் அடித்தது என்று எழுதலாம். வேவ் ஃபைல் என்றால் இந்த விவரம் ஃபைலுக்குள் பதியாமல் ஐடியூன்ஸிலேயே நின்றுவிடும், அதனாலும் எம்பி3 தான் வசதி.

தமிழ்ப் பெயர் ஏதோ ஆங்கில எழுத்தைக் கொட்டியது போலத் தெரிந்தால், பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்கிறீர்கள். யுனிகோட் விசைப்பலகைக்கு மாற்றி மறுபடி அடியுங்கள், சரியாகிவிடும்.

எல்லாம் முடிந்ததும் மியூசிக் ஃபோல்டருக்குள் இருக்கும் ஐடியூன்ஸ் ஃபோல்டரை அப்படியே ஒரு பென் டிரைவில் காப்பி செய்து, மூல ஓபஸ் ஃபைல்களையும் அதிலேயே போட்டு, வேறு வீட்டில் இருக்கும் ஒரு சொந்தக்காரரிடம் கொடுத்து வையுங்கள்.