பழைய சுமோவுக்கு முன் சக்கர பேரிங் மாற்றுவது

வண்டி ஓடும்போது முன்பக்கம் 'ஊ…' என்று ஒரு சத்தம், ஜாக்கியில் தூக்கி டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் லொட லொட என்று ஆட்டம். சரி, பெரும்பாலும் பேரிங்தான். சக்கரத்தைத் தாங்கும் உருண்டை மூட்டான பால் ஜாயிண்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், ஆட்டம் அதனாலும் வரலாம்.

பெங்களூரில் வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டில் உள் பேரிங், வெளி பேரிங், கிரீஸ் கசியாமல் தடுக்கும் ஆயில் சீல், நட் கழறாமல் பிடிக்கும் கோட்டர் பின் எல்லாம் வாங்கி வாருங்கள். அங்கே விலை குறைவென்று டப்பா இல்லாத சரக்கை நீட்டுவார்கள். நான் தொடவே மாட்டேன்.

ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வையுங்கள். பிரேக் டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரைக் கழற்றிக் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள், பிரேக் ஹோஸில் பாரம் விழக்கூடாது. தொப்பி, பின், நட் எடுத்தால் சக்கரத்தின் நடுப்பாகமான ஹப் வந்துவிடும்.

ஹப்புக்குள் இருக்கும் பழைய கப்பையும் (பேரிங்கின் வெளி வளையம்) கட்டாயம் மாற்ற வேண்டும். தடித்த பித்தளைக் கம்பியை வைத்து, எதிரெதிர் பக்கமாக மாற்றி மாற்றித் தட்டுங்கள். புதுக் கப் முழுதாக உட்கார்ந்ததும் தட்டும் சத்தமே கெட்டியாக மாறும். கிரீஸை உருளைகளுக்கு நடுவே உள்ளங்கையால் அழுத்தி ஏற்றுங்கள், மேலே பூசினால் பிரயோஜனமில்லை.

கடைசியில் ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, அப்புறம் தளர்த்தி, விரலால் மட்டும் இறுக்கிப் புதுப் பின் போடுங்கள். பலம் காட்டினால் பேரிங் சூடாகிச் சீக்கிரமே போய்விடும்.