சம்பளச் சீட்டு: உளவியல் பணியில் நேரத்தையும் ஊதியத்தையும் கணக்கிடும் முறை

ரங்கூனுக்கோ பினாங்குக்கோ லேவாதேவிக் கடைக்கு ஆள் அனுப்பிய காலத்தில், நகரத்தார் குடும்பங்களில் சம்பளச் சீட்டு என்று ஒன்று எழுதிக்கொள்வது வழக்கம். கப்பலேறப் போகிறவர் பெட்டியடிப் பையனா, அடுத்தாளா, கடைப் பொறுப்பை ஏற்கும் மேலாளா என்பதும், மூன்றாண்டுத் தவணைக்குச் சம்பளம் எவ்வளவு என்பதும், அதில் வீட்டுக்கு முன்பணமாகக் கொடுப்பது எவ்வளவு என்பதும் அந்தச் சீட்டில் எழுதப்படும். காரைக்குடியில் உளவியலாளராகப் பணிபுரியும் என்னிடம், புதிதாக வேலைக்குச் சேரப்போகும் இளையவர்கள் ஆலோசனை கேட்டு வரும்போதெல்லாம் அந்தச் சீட்டே நினைவுக்கு வருகிறது. மாதம் எவ்வளவு தருவார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது; அந்தப் பணத்துக்கு எத்தனை மணி நேரம் கொடுக்கப்போகிறோம் என்பது தெரிந்திருப்பதில்லை.

ஆகவே முதல் வேலை மணிக்கணக்கை எழுதுவது. சாதாரண நோட்டு ஒன்றை எடுத்து, இரண்டு வாரங்களுக்கு நான்கு பத்திகளில் எழுதி வாருங்கள்: ஆட்களை நேரில் பார்த்த நேரம், குறிப்பும் அறிக்கையும் எழுதிய நேரம், பயணமும் காத்திருப்பும், கற்றலும் மேற்பார்வையும் (நம் பணியை மூத்தவரிடம் காட்டிக் கருத்துக் கேட்பது). உளவியல் பணியில் பெரும்பாலான ஏமாற்றங்கள் இரண்டாவது பத்தியில்தான் ஒளிந்திருக்கின்றன. ஒரு குழந்தைக்குப் பினே-காமத் நுண்ணறிவுச் சோதனையும் வைன்லாண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோலும் செய்ய முற்பகல் முழுவதும் ஆகலாம். அதன்பின் மதிப்பெண் கணக்கிட்டு, பெற்றோர் சொன்னதையும் பள்ளி எழுதியதையும் ஒப்பிட்டு, தேர்வுச் சலுகைக்கோ மாற்றுத்திறனாளிச் சான்றுக்கோ உதவக்கூடிய அறிக்கையை எழுதி முடிக்கும்போது இரவாகிவிடும். நான் பணிபுரிந்த முதல் மருத்துவமனையில் அறிக்கை எழுதுவதை வேலை நேரத்தில் சேர்க்கவே இல்லை. ஓ.பி. முடிந்த பிறகு வீட்டில் எழுதி, மறுநாள் காலையில் கொடுக்க வேண்டும் என்பது அங்கே எழுதப்படாத விதி. நானும் ஓராண்டுக்கு மேல் அதைக் கேள்வி கேட்காமல் செய்தேன்.

கணக்கு எப்படி மாறுகிறது என்பதைக் காட்ட ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். இவை சராசரி எண்கள் அல்ல, முறையைக் காட்டுவதற்காக எடுத்துக்கொண்டவை. மாதச் சம்பளம் 25,000 ரூபாய், 26 நாள் வேலை, நாளுக்கு 7 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 182 மணி நேரம் ஆகிறது. மணிக்கு ஏறக்குறைய 137 ரூபாய். காரைக்குடியிலிருந்து சிவகங்கைக்குப் போய்வர நாளுக்கு 2 மணி நேரமும், வீட்டில் அறிக்கை எழுத ஒன்றரை மணி நேரமும் சேர்த்தால் மாதத்துக்கு 273 மணி நேரம் ஆகிவிடும். பேருந்துச் செலவு நாளுக்கு 80 ரூபாய் என்று கழித்துப் பார்த்தால் மணிக்குக் கிடைப்பது 84 ரூபாய். அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லை என்றாலும், ஊருக்கு ஊர் ஓடும் புறநகர்ப் பேருந்துகளுக்கு அது பொருந்தாது என்பதால், பெண்களும் இந்தச் செலவைக் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும். இதே வேலை பக்கத்திலேயே இருக்கும் தேவகோட்டையில் 22,000 ரூபாய்க்குக் கிடைத்தால், காரைக்குடிக்காரர் ஒருவருக்கு அது கூடுதல் சம்பளமாகவே அமையக்கூடும்.

படிக்கும் காலம்

இந்தத் தொழிலில் ஊதியமில்லாத உழைப்பு மிகுதியாக இருப்பது பயிற்சிக் காலத்தில்தான். 'மருத்துவ உளவியலாளர்' என்ற பெயரில் பணிபுரிய, ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் ஏற்பு பெற்ற படிப்பை முடித்து, அதன் மையப் பதிவேட்டில் பெயரைப் பதிந்திருக்க வேண்டும். நெடுங்காலமாக அதற்கான வழி ஈராண்டு எம்.ஃபில். படிப்பாக இருந்தது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின் எம்.ஃபில். பட்டம் பொதுவாக நிறுத்தப்பட்டபோதும், மருத்துவ உளவியலுக்கும் மனநல சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை சேர்க்கைக்கு யு.ஜி.சி. எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழு இடமளித்தது. ஆகவே இப்போது விண்ணப்பிப்பவர்கள், தாங்கள் சேரவிருக்கும் படிப்பின் பெயருக்கு நேரே அந்த ஆண்டுக்கு ஆர்.சி.ஐ. ஏற்பு இருக்கிறதா என்பதைக் குழுமத்தின் பட்டியலிலேயே பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். கல்லூரி விளம்பரத்தை நம்பிச் சேர்ந்து, பதிவு கிடைக்காமல் போனால் இழப்பது கட்டணம் மட்டுமல்ல, அந்த ஆண்டுகளில் சம்பாதித்திருக்கக்கூடிய சம்பளமும்தான்.

படிப்பின் செலவை மதிப்பிடும்போது கட்டணத்தோடு விடுதிச் செலவையும், உதவித்தொகை உண்டா இல்லையா என்பதையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். காலை வார்டு, பிற்பகல் நேர்வு (கேஸ்) விவாதம், இரவில் நேர்வுக் குறிப்பு என்று நாள் முழுவதும் பயிற்சியே எடுத்துக்கொள்வதால், பகுதிநேர வேலை பார்த்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் சேர வேண்டாம். பிரிட்டனின் பொது மருத்துவ சேவையில் மூன்றாண்டு முனைவர் பயிற்சியில் இருக்கும் மருத்துவ உளவியலாளர் ஊழியராகவே கருதப்பட்டு, ஊதிய அட்டவணையில் ஆறாம் படியில் சம்பளம் பெறுகிறார்; முழுநேரம் என்பது அங்கே வாரத்துக்கு 37.5 மணி நேரம். நம்மிடம் பயிற்சியாளர் பெரும்பாலும் கட்டணம் கட்டி உழைக்கிறார். அந்த வேறுபாட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இந்தக் கட்டுரை முடியாது.

ஆராய்ச்சிப் பக்கம் போகிறவர்களுக்கு நிலைமை ஓரளவு தெளிவானது. யு.ஜி.சி. நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்றவர்களுக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயும், முதுநிலைக்கு உயர்ந்த பின் 42,000 ரூபாயும், வீட்டு வாடகைப்படியும் உண்டு. காரைக்குடி போன்ற ஊரில் இந்தத் தொகை, அதே வயதில் மருத்துவமனையில் சேர்ந்த தோழர்களின் சம்பளத்தைவிட மிகுதியாக இருப்பதும் உண்டு. தொகை மாதந்தோறும் தவறாமல் கணக்கில் ஏறும் என்று மட்டும் எண்ணிவிடாமல், சில மாதச் செலவுக்குக் கையிருப்பு வைத்துக்கொள்வது நல்லது.

முதல் ஐந்து ஆண்டுகள்

பணி ஆணை கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது தொகையை அல்ல, உங்களை எந்தப் பெயரால் அழைத்திருக்கிறார்கள் என்பதை. 'ஊழியர்' என்று இருந்தால் வருங்கால வைப்பு நிதியும், மொத்த ஊதியம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் ஈ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பும், பெண்களுக்குச் சட்டப்படியான 26 வார மகப்பேறு விடுப்பும் கேட்பதற்கு அடிப்படை இருக்கிறது. 'ஆலோசகர்' என்று இருந்தால், நீங்கள் தினமும் ஒன்பது மணிக்குப் போய் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டாலும், உங்களுக்குத் தருவது தொழிற்கட்டணமாகவே காட்டப்பட்டு 10 விழுக்காடு வரி பிடிக்கப்படும். வைப்பு நிதியும் இராது, விடுப்பும் இராது. பிடித்த வரியை ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெற முடியும் என்பதுகூடத் தெரியாமல் மூன்று ஆண்டுகளை விட்டுவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆலோசகராகச் சேருவதில் தவறில்லை. அப்படியானால் முழுநாளும் உட்கார வைக்காமல், அமர்வுக்கு இவ்வளவு, சோதனை அறிக்கைக்கு இவ்வளவு என்று தனித்தனியாகப் பேசிக்கொள்ள வேண்டும்.

மாவட்ட மனநலத் திட்டம் போன்ற அரசுத் திட்டங்களில் வேலை பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையில், தொகுப்பூதியத்தில் இருக்கும். தொகுப்பூதியம் என்றால் அகவிலைப்படி ஏறும்போது உங்கள் சம்பளம் ஏறாது என்று பொருள். வெவ்வேறு ஊர் மருத்துவமனைகளில் முகாம் நாட்கள் வருவதால், பயணப்படி தனியாக உண்டா, தொகைக்குள் அடக்கமா என்பதை மாவட்ட நலவாழ்வுச் சங்க அறிவிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குவதால், அதைப் போன்ற தொலைபேசிச் சேவைகளில் சேருகிறவர்கள் இரவு முறை மாதத்துக்கு எத்தனை, அதற்கடுத்த நாள் ஓய்வு உண்டா என்று கேட்க வேண்டும். இரவு முழுவதும் தற்கொலை எண்ணத்தோடு பேசுகிறவர்களின் குரலைக் கேட்டவருக்கு மறுநாள் பகல் வேலையும் தருவது யாருக்கும் நல்லதல்ல.

பள்ளிப் பணியை இப்பகுதியில் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். சி.பி.எஸ்.இ.யின் 2018ஆம் ஆண்டு இணைப்பு விதிகள், இடைநிலை, மேல்நிலைப் பள்ளிகளில் முழுநேர ஆலோசகர் ஒருவர் வேண்டும் என்றன; ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை 300 மாணவருக்குக் குறைவாக இருக்கும் பள்ளிகளுக்குப் பகுதிநேர ஏற்பாடு போதும் என்று சலுகையும் தந்தன. இந்த விதியின் இப்போதைய வடிவத்தைப் பார்த்துவைத்துக்கொண்டால் உங்கள் பேரத்துக்கு உதவும். சேருமுன் ஒன்றை மட்டும் எழுதி வாங்கிவிடுங்கள்: விடுப்பில் போன ஆசிரியருக்குப் பதிலாக வகுப்புக்குப் போவது வாரத்துக்கு எத்தனை பாடவேளை? எழுதி வாங்காவிட்டால், ஆலோசனை அறை இரண்டே மாதத்தில் தேர்வுத்தாள் அடுக்கி வைக்கும் அறையாகிவிடும்.

கல்லூரி ஆசிரியர் பணி

நேரத்துக்கும் பணத்துக்குமான விகிதத்தில் நிரந்தரக் கல்லூரிப் பணிக்கு நிகரில்லை. யு.ஜி.சி. ஊதிய விகிதத்தில் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய், அதற்கு மேல் படிகள். வாரத்துக்கு 40 மணி நேரப் பணியில் நேரடி வகுப்பு 16 மணி நேரம், இணைப் பேராசிரியரானால் 14. அழகப்பா பல்கலைக்கழகம் காரைக்குடியிலேயே இருப்பதால், இங்கே பல வீடுகளில் உளவியல் படித்த பிள்ளைக்கும் இதுவே கனவு. ஆனால் நிரந்தர இடங்கள் அரிது. கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 வரை என்று யு.ஜி.சி. 2019இல் சொன்ன அளவுக்கும், மாநிலக் கல்லூரிகளில் கைக்கு வருவதற்கும் நீண்ட தொலைவு இருக்கிறது. கோடையில் ஊதியமும் நின்றுவிடும். அதனால் ஆண்டுச் சம்பளத்தைப் பன்னிரண்டால் வகுத்துத்தான் மாதச் சம்பளத்தை முடிவுசெய்ய வேண்டும்.

சொந்த ஆலோசனை மையம்

ஐந்தாறு ஆண்டு அனுபவத்துக்குப் பின் காரைக்குடியில் தனி அறை எடுக்க நினைப்பவர்கள், அமர்வுகளின் எண்ணிக்கையைக் கட்டணத்தால் பெருக்கிப் பார்ப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அமர்வுக்கு 800 ரூபாய், மாதம் 80 பேர் முன்பதிவு செய்கிறார்கள், 60 பேர் வருகிறார்கள் என்று கொள்வோம். வரவு 48,000. வாடகை 8,000, வரவேற்பில் இருப்பவருக்கு 7,000, மின்சாரமும் தொலைபேசியும் சோதனைப் படிவங்களும் 4,000, மூத்தவரிடம் மேற்பார்வைக்கு 3,000 கழித்தால் மிஞ்சுவது 26,000. அமர்வுக்கு 60 மணி நேரம், குறிப்பெழுத 20, வராதவர்களுக்காகக் காத்திருந்தது 20, தொலைபேசியும் கணக்கும் 20, மேற்பார்வை 4 என்று நேரம் 124 மணி ஆகிறது. மணிக்கு ஏறக்குறைய 210 ரூபாய். முதலில் பார்த்த சிவகங்கை வேலையைவிட இரண்டரை மடங்கு. ஆனால் இதில் வைப்பு நிதி இல்லை, காய்ச்சலில் படுத்தால் வரவு இல்லை, ஆர்.சி.ஐ. பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கத் தேவையான தொடர்கல்விப் பயிலரங்குகளுக்கும் உங்கள் பணம்தான் போக வேண்டும்.

ஊர் வழக்கம் அறிந்து நேரத்தை அமைத்துக்கொள்வது இங்கே பாதிப் பிழைப்பு. ராகு காலத்தில் முதல் அமர்வு வைத்தால் பெரும்பாலும் ஆள் வராது. அஷ்டமி, நவமியில் புதிதாக யாரும் தொடங்கமாட்டார்கள். அந்த நேரங்களை நான் அறிக்கை எழுதுவதற்கு ஒதுக்கிவிட்டேன். நம்பிக்கையைத் திருத்துவது என் வேலை அல்ல, காலியாகக் கிடக்கும் மணியைப் பயன்படுத்துவதே என் வேலை. சிங்கப்பூரில் இரவு ஒன்பது மணி என்றால் இங்கே மாலை ஆறரை. இணையவழி அமர்வுக்கு ஏற்ற நேரம். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள், கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ பெரிய வீட்டில் தனியே இருக்கும் ஆத்தாவைப் பற்றி நம்மிடம் பேச விரும்பும்போது, அது அங்கே அவர்களின் அலுவலக நேரத்துக்கு முன்னோ பின்னோதான் முடியும். அந்த அழைப்புகளை 'சும்மா ஒரு வார்த்தை' என்று விட்டுவிட்டால் வாரத்துக்கு மூன்று மணி நேரம் கரைந்துவிடும். பதினைந்து நிமிடத்துக்கு மேல் போனால் அரை அமர்வுக் கட்டணம் என்று முதல் சந்திப்பிலேயே, ஆத்தாவின் முன்னிலையில், அவர் ஒப்புதலோடு சொல்லிவிடுங்கள். வீட்டுக்குச் சென்று பார்ப்பதற்கும் போக்குவரத்து நேரத்தைச் சேர்த்துக் கட்டணம் வைப்பதே முறை. உறவுக்காரர்களுக்குக் கட்டணம் எப்படிச் சொல்வது என்று கேட்பவர்களுக்கு என் விடை, அவர்களை வேறு ஊர் உளவியலாளரிடம் அனுப்பிவிடுங்கள் என்பதுதான். தொழில் நெறியும் அதையே வேண்டுகிறது.

கட்டணத்தை உயர்த்துவதற்கு ஆண்டில் ஒரு நாளை வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது சித்திரை முதல் நாள். இரண்டு மாதம் முன்னதாகச் சொல்லி, ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர்களுக்குப் பழைய கட்டணத்தையே ஆறு மாதம் தொடர்ந்தால் முகம் சுளிப்பவர்கள் குறைவு. கட்ட இயலாதவர்களுக்கு வாரத்துக்கு இத்தனை இடம் என்று எண்ணி ஒதுக்குங்கள். நான் மூன்று வைத்திருக்கிறேன். எண்ணாமல் ஒதுக்கிய ஆண்டில் வாடகைக்குக் கடன் வாங்கினேன்.

பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் ஆட்களை நேரில் பார்க்கும் நேரம் குறைந்து, இளையவர்களை மேற்பார்வை செய்வதும் பயிற்சி தருவதும் வருவாயில் பங்கு பெறும். அப்போது வேறொருவருக்குச் சம்பளம் கொடுக்கும் இடத்துக்கு நீங்கள் வந்துவிடுகிறீர்கள். என் மையத்தில் சென்ற ஆண்டு சேர்ந்த பெண்ணுக்கு ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தவை இவை: பதவிப் பெயர், ஓராண்டுத் தவணை, வாரத்துக்கு 36 மணி நேரம், அதில் நேரில் பார்ப்பது 20க்கு மேற்படாது, அறிக்கை எழுத 8 மணி நேரம் வேலை நேரத்துக்குள், வாரம் ஒரு மணி நேர மேற்பார்வை கட்டணமின்றி, சம்பளம், வைப்பு நிதி, விலகுவதற்கு இரு தரப்புக்கும் ஒரு மாத அறிவிப்பு. அவர் படித்துப் பார்த்துவிட்டு, ஆறு மணிக்குப் பின் வரும் வாட்ஸ்ஆப் செய்திகளை எதில் சேர்ப்பது என்று கேட்டார். நான் அதை எழுத மறந்திருந்தேன். அந்த வரியையும் பேனாவால் சேர்த்து, இருவரும் கையெழுத்திட்டோம்.