நடுக்காட்டில் வெல்டிங்: இரண்டு பேட்டரி போதும்

வண்டியின் ஷாக் அப்சார்பரைப் பிடித்திருக்கும் பிராக்கெட் பிய்ந்த அன்று என்னிடம் இருந்தவை சில வெல்டிங் ராடுகள், ஜம்பர் கேபிள்கள், வெல்டிங் முகமூடி. முகமூடி கட்டாயம், கூலிங் கிளாஸ் கணக்கில் வராது.

இரண்டு வண்டிகளின் 12 வோல்ட் பேட்டரிகளைக் கழற்றி, ஒன்றின் பிளஸை மற்றதன் மைனஸில் இணைத்தால் 24 வோல்ட். 2.5 மி.மீ. ராடுக்குச் சரி. தடித்த இரும்பென்றால் மூன்றாவதையும் சேர்த்து 36. பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் கசியும். தீப்பொறி எட்டாத தூரத்தில் வையுங்கள். பெட்ரோல் குழாய், பிரேக் குழாய் பக்கத்தில் இருந்தால் முதலில் அவற்றை நகர்த்துங்கள்.

பெயின்டைச் சுரண்டி, எர்த்தை, அதாவது பேட்டரியிலிருந்து இரும்புக்குப் போகும் கேபிளை, உடைந்த இடத்துக்கு அருகிலேயே மாட்டுங்கள்; மற்ற கேபிளில் ராடு. விரலகலம் ஒட்டியதும் நிறுத்துங்கள், பேட்டரி சூடாகும். அப்புறம் ஒட்டிய இடத்தில் அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றாதீர்கள். நான் ஊற்றினேன், விரிசல் விட்டது.